ராவ் பகதூர் வீட்டில் இருந்த பட்டா

ஓடைமேடு,
கவரைப்பேட்டை வழி,
23-1-1972

மதிப்புக்குரிய டீச்சர் அம்மா அவர்களுக்கு,

என் பெயர் தானியேல். கும்மிடிப்பூண்டியில் ஒரு பைப் கம்பெனியில் ஃபிட்டராக இருக்கிறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கு உங்கள் வீட்டைத் தெரியும், கொல்லைப்பக்கத்து வாசல் வரைக்கும்.

போன வாரம் தை அமாவாசைக்குத் திருவள்ளூர் வந்த எங்கள் ஊர்க் குப்புராஜ், குளத்தங்கரைக் கடையில் நீங்கள் எழுதிய ‘ராவ் பகதூர் ராமபத்ராச்சாரியார் வம்ச சரித்திரம்’ புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தான். அவனுக்குப் படிக்க வராது. அட்டையில் தலைப்பாகையோடு பெரிய ஐயா படம் இருந்ததால் வாங்கிவிட்டான். படிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பதினைந்து பேர் உட்கார்ந்து கேட்டார்கள். ஐயா வக்கீலாகி, தாலுகா போர்டுக்குப் போய், ஜில்லா போர்டுக்குப் போய், 1893-இல் சென்னை கவுன்சிலில் மெம்பரானது வரைக்கும் எல்லோருக்கும் சந்தோஷம்தான்.

பக்கம் முப்பத்தொன்றில் வந்தது வினை. ‘ராவ் பகதூர் அவர்கள் கருணை கூர்ந்து ஓடைமேட்டு ஏழைகளுக்குப் பதினான்கு ஏக்கர் நிலம் தானமளித்தார். அம்மக்கள் நன்றி மறவாது ஆண்டுதோறும் தை அமாவாசையன்று நெல்லும் பூசணிக்காயும் காணிக்கை செலுத்தி வந்தனர்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

என் அம்மா முத்தம்மா எழுந்து நின்றுவிட்டாள். “இன்னாடா எழுதிக்கீது அந்தப் பொண்ணு? நன்றியாமா? பட்டாவ பத்திரமா வச்சிக்கினு கீறாங்களேன்னு குட்த்த கூடைடா அது” என்றாள்.

அம்மா சொன்னதுதான் உண்மை. நிலம் சர்க்கார் கொடுத்தது. பட்டா என் கொள்ளுத்தாத்தா தேசப்பன் பேரிலும் இருபத்திரண்டு பேர் பேரிலும் வந்தது. அதைப் பெரிய ஐயா பத்திரமாக வைக்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார். கூடை அதற்காக. இப்போது எங்களுக்கு அந்தப் பட்டா வேண்டும். தயவு செய்து தேடிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஜோ. தானியேல்


திருவள்ளூர்,
2-2-1972

திரு. தானியேல் அவர்களுக்கு,

க்ஷேமம். கடிதம் கிடைத்தது.

இருபத்து மூன்று வருஷமாகப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. எங்கள் கொள்ளுத்தாத்தாவை வீட்டில் ‘கவுன்சில் தாத்தா’ என்போம். கவுன்சிலில் அவர் கேட்ட கேள்விகள் நாற்பத்தொன்று. அதில் பதினேழாவது கேள்வி உங்கள் ஓடைமேட்டைப் பற்றியது. அந்தக் காலத்தில் ஒரு வைதீகக் குடும்பத்து மனிதர், சேரி ஜனங்களின் நிலத்துக்காகக் கவர்னர் முன்னால் எழுந்து நின்று பேசினார் என்றால் அது சின்ன விஷயமா? அப்படிப்பட்டவர் உங்கள் பட்டாவை எடுத்து ஒளித்து வைத்தார் என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

கூடையை நானே கை நீட்டி வாங்கியிருக்கிறேன். எனக்குப் பத்து வயதிருக்கும். உங்கள் ஊர்ப் பெண்கள் கும்பிட்டு, “பெரிய ஐயா நல்லா இருக்கணும்” என்று சொல்வார்கள். அது நன்றி இல்லாமல் வேறு என்ன?

தானம் என்ற வார்த்தையை வேண்டுமானால் அடுத்த பதிப்பில் யோசிக்கிறேன். மற்றபடி மாற்ற ஒன்றுமில்லை.

அம்புஜவல்லி


ஓடைமேடு,
9-2-1972

டீச்சர் அம்மாவுக்கு,

கோபம் வந்தால் கையெழுத்து இன்னும் அழகாகிவிடுகிறது உங்களுக்கு. எங்கள் ஃபோர்மேனுக்குக் கோபம் வந்தால் பேச்சே குழறும்.

பெரிய ஐயா கேள்வி கேட்டதை நான் இல்லை என்று சொல்லவில்லை. அவரைக் கேட்க வைத்தது யார் என்றுதான் கேட்கிறேன். தேசப்பன் திருவள்ளூர் கோர்ட்டு வாசலில் எட்டு நாள் உட்கார்ந்திருந்தார். ஒன்பதாம் நாள் உங்கள் தாத்தா, “என்னப்பா வேணும்?” என்றார். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உங்கள் புத்தகத்தில் தேசப்பன் பெயர் எங்கேயும் இல்லை. ‘ஏழைகள்’ என்று ஒரு வார்த்தையில் இருபத்து மூன்று பேரும் போய்விட்டார்கள்.

பெரிய ஐயா நல்லா இருக்கணும் என்று எங்கள் பெண்கள் சொன்னார்கள் என்கிறீர்கள். சொல்லத்தானே வேண்டும்? ஊருடைய பட்டா அவர் பெட்டியில் இருக்கிறது. அந்த வீடு நன்றாக இருந்தால்தானே பெட்டி நன்றாக இருக்கும்.

எனக்கு இது வீண் வாதமில்லை, அம்மா. போன மாதம் சர்க்காரிலிருந்து நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். எங்கள் மேட்டில் தொழிற்சாலை வரப் போகிறது. ரீசர்வேயில் எங்கள் நிலத்தைப் புறம்போக்கு என்று எழுதிவிட்டார்கள். நாற்பத்தொரு வீடும் ஆக்கிரமிப்பாம். ஏப்ரல் பத்தாம் தேதி பொன்னேரியில் விசாரணை. பட்டா காட்டினால் வீடுகளை விட்டுவிடுவார்கள். காட்டாவிட்டால் காலி செய்ய வேண்டியதுதான். தொழிற்சாலை வரட்டும், நானே அதில் வேலை செய்கிறவன். எங்கள் வீட்டின் மேலே வர வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

1948-இல் என் அப்பா ஜோசப் வந்து பட்டாவைக் கேட்டார். நாங்கள் அப்போதுதான் ஞானஸ்நானம் வாங்கியிருந்தோம். உங்கள் அப்பா விரட்டிவிட்டார். அதோடு கூடையும் நின்றது. இதற்கும் ஆதாரம் இல்லை என்பீர்கள். உங்கள் வீட்டுக்குள்ளேதான் ஆதாரம் இருக்கிறது, நான் எங்கே போய்த் தேடுவது?

தானியேல்


திருவள்ளூர்,
19-3-1972

தானியேல் அவர்களுக்கு,

ஐந்து வாரம் பதில் எழுதவில்லை. நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பீர்களோ, அதற்கு நான் தகுதிதான்.

1948-இல் உங்கள் அப்பா வந்தபோது நான் கூடத்தில்தான் இருந்தேன். அப்பா போட்ட சத்தம் காதில் விழுந்தது. யாரோ உதவி கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கையிலிருந்த புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் அந்தச் சத்தத்தில் ‘பட்டா’ என்ற வார்த்தை இருந்தது ஞாபகம் வந்தது.

தாத்தாவின் பெட்டி அண்ணா தேவராஜன் அறையில் இருக்கிறது. பூட்டு. சாவி கேட்டால், “புஸ்தகந்தான் வந்துடுத்தே, இன்னும் என்ன தேடறே?” என்றான். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குத் தாத்தாவின் பதக்கம் வேண்டும் என்று பொய் சொல்லித் திறந்தேன். நாற்பத்தாறு வயதில் அண்ணாவிடம் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

பட்டா இருக்கிறது. உங்கள் தேசப்பன் பெயர்தான் முதலில். கீழே அவருடைய கைநாட்டு.

அதற்கு அடியில் டைரிகள். தாத்தா எப்போதும் இங்கிலீஷில்தான் டைரி எழுதுவார். 1897-இல் ஒரு பக்கம் மட்டும் தமிழில் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்:

‘போர்டு மெம்பர்கள் ஒன்பது பேரும் வந்தார்கள். ஓடைமேட்டு ஆட்கள் சொந்த நிலம் பார்த்துக்கொண்டு மிராசு நடவுக்கு வர மறுக்கிறார்களாம். பட்டா அவர்கள் கையில் இருக்கிற வரையில் எனக்கு ஓட்டு இல்லை என்கிறார்கள். கவுன்சிலுக்கு மறுபடி போகாவிட்டால் ஆரம்பித்த காரியம் எல்லாம் பாதியில் நிற்கும். தேசப்பனை வரவழைத்து, பத்திரமாக வைக்கிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். நம்பிக் கொடுத்தான். மனசு சரியில்லை.’

மறுபடி ஜெயித்தார். அந்த வருஷம்தான் ராவ் பகதூர் பட்டமும் வந்தது. 1908-இல், அவர் காலமாவதற்கு மூன்று மாதம் முன்னால், இன்னும் ஒரு வரி தமிழில் இருக்கிறது: ‘தேசப்பன் மகன் கூடை கொண்டுவந்தான். அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.’

நாங்கள் நன்றி என்று நினைத்து, தண்ணீர் தெளித்து, வாங்கிக்கொண்டோம். ஐம்பது வருஷம். எனக்கு வெட்கமாக இருக்கிறது, தானியேல்.

ஏப்ரல் பத்தாம் தேதி பட்டாவையும் டைரியையும் நானே பொன்னேரிக்குக் கொண்டு வருகிறேன்.

அம்புஜவல்லி


ஓடைமேடு,
26-3-1972

அன்புள்ள டீச்சர் அம்மாவுக்கு,

கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்தேன். ‘மனசு சரியில்லை’ என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். “பாவம், அந்த ஐயாவும் பேஜாராத்தான் கீறாரு” என்றாள். எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது. பேஜாராக இருந்தவர் திருப்பிக் கொடுத்திருக்கலாமே. ஆனால் எழுதி வைத்தாரே, அதற்கு ஒரு கும்பிடு.

பத்தாம் தேதி எனக்கு லீவு இல்லை. பாய்லர் சரிபார்க்கிற வாரம். குப்புராஜும் நாலு பேரும் வாசலில் நிற்பார்கள். பொன்னேரி வெயில் பொல்லாதது, குடை எடுத்து வாருங்கள்.

தானியேல்


திருவள்ளூர்,
11-4-1972

தானியேல்,

குப்புராஜ் சொல்லியிருப்பார். அவருக்கு உள்ளே நடந்தது தெரியாது.

எனக்கு முன்னாலேயே அண்ணாவின் மனு அங்கே இருந்தது. பெட்டியில் பட்டா இல்லாததைக் கண்டுபிடித்துவிட்டான். ஓடைமேட்டுப் பட்டா எழுபத்தைந்து வருஷமாக எங்கள் வீட்டில் இருப்பதால் நிலம் எங்கள் குடும்பத்துக்கே சொந்தம் என்று எழுதியிருக்கிறான். ராவ் பகதூரின் ஒரே நேர் வாரிசு தான் மட்டுமே என்பதற்கு ஒரு ஆதாரமும் வைத்திருக்கிறான். என் புத்தகம்.

தாசில்தார் சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். பட்டாவைப் பார்த்தார். டைரியைப் படித்தார். “நம்பிக்கையாகக் கொடுத்து வைத்தது என்று டைரி சொல்கிறது. அந்தக் குடும்பத்தில் ஒருவர் அதை ஒப்புக்கொண்டால் போதும். நீங்கள் ராவ் பகதூருக்கு என்ன உறவு?” என்றார். கொள்ளுப்பேத்தி என்றேன். அண்ணாவின் வக்கீல் எழுந்து, என் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிற வம்ச விருட்சத்தைப் பிரித்துக் காட்டினார். ராமபத்ராச்சாரியார், அவர் மகன் ராமானுஜம், அவர் மகன் ஸ்ரீநிவாசன், அவர் மகன் தேவராஜன். அவ்வளவுதான். “அம்மையார் தானே எழுதிய புத்தகத்திலேயே அம்மையார் இல்லை” என்றார். அறையில் சிரித்தார்கள்.

எழுதும்போது அண்ணா, “வம்சத்துலே பொண்கள் பேர் போடற வழக்கம் கிடையாது” என்றான். நானும் சரி என்று விட்டுவிட்டேன். என் அம்மா பெயரையும் விட்டேன், பாட்டி பெயரையும் விட்டேன். தேசப்பன் பெயரை விட்டதற்கு நீங்கள் கோபித்துக்கொண்டீர்கள். எனக்கு என் பெயரை விட்டதே உறைக்கவில்லை.

பள்ளிச் சான்றிதழ் இருக்கிறது, ஸ்ரீநிவாசன் மகள் என்று. திருவள்ளூரில் ஸ்ரீநிவாசன்கள் நிறைய என்றார் வக்கீல். விசாரணை 24-ஆம் தேதிக்குத் தள்ளிவைத்திருக்கிறது. அன்று எனக்கு ஆண்டுப் பரீட்சை மேற்பார்வை. தலைமை ஆசிரியையிடம் மன்றாடிவிட்டேன், விடவில்லை. உறவைச் சொல்லும் கடிதத்தில் கையெழுத்துப் போட எங்கள் தெருவில் ஒருவரும் தயாராக இல்லை. அண்ணாவோடு பகை வேண்டாமாம். என்ன செய்வது என்று தெரியவில்லை. உங்களைக் கெடுத்துவிட்டேன்.

அம்புஜவல்லி


ஓடைமேடு,
25-4-1972

அன்புள்ள டீச்சர் அம்மாவுக்கு,

நேற்று நான் சம்பளம் போனாலும் போகட்டும் என்று மட்டம் போட்டுவிட்டுப் பொன்னேரி போனேன். அம்மாவும் கூட வந்தாள். வர வேண்டாம் என்று சொன்னேன், முட்டி வலி. “நீ இன்னா தெரிஞ்சிக்கினு போய்ப் பேசப் போற?” என்று கேட்டுவிட்டுப் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஏறிவிட்டாள்.

உங்கள் அண்ணன் பஞ்சகச்சம் கட்டி வந்திருந்தார். வக்கீல் மறுபடி அந்தக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். தாசில்தார், “அந்த அம்மா அந்த வீட்டுப் பெண்தான் என்று யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

“எனக்குத் தெரியும் சாமி. நான் பதினேழு வருசம் அந்த ஊட்டுக்குக் கூடை எட்துக்கினு போனவ.”

“என்ன தெரியும்?”

“பேர் சொல்லலாமா சாமி? பெரிய ஊட்டு அம்மாங்க பேரு.”

“சொல்லுங்க.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். “கூடைய மொத மொத வாங்கினது செங்கமலவல்லியம்மா, பெரிய ஐயா சம்சாரம். அத எங்க மாமியா சொல்லிக்கீது. அவங்களுக்கு அப்பால அவங்க மருமவ பங்கஜவல்லியம்மா, நான் பார்த்துக்கீறேன், காது கேக்காது. அவங்க மருமவ கனகவல்லியம்மா. அவங்களுக்கு ரெண்டு புள்ள. பெரியவரு தோ, இங்க குந்திக்கினு கீறாரு. சின்னது அம்புஜம். அது பொறந்தது மாசி மாசம், வெள்ளிக்கிழம. அந்த வருசம் தை அமாவாசைக்கு கனகம்மா நெறமாசம், கூடைய குனிஞ்சி வாங்க முடியலன்னு எங்க மாமியாதான் ஏத்தி வச்சிட்டு வந்துது.”

வக்கீல், “கேட்ட கதை எல்லாம் சாட்சியா?” என்றார். அம்மா திரும்பி அவரைப் பார்த்தாள். “உங்க புஸ்தகத்துல ஆம்பளைங்க கீறாங்க. கூடை வாங்கினது பொம்பளைங்க. அவங்கள எங்களுக்குத்தான் தெரியும்” என்றாள்.

தாசில்தார் உங்கள் அண்ணனைப் பார்த்து, “உங்கள் தாயார் பெயர் கனகவல்லியா?” என்று கேட்டார். ஆமாம் என்றார். “அம்புஜவல்லி உங்கள் தங்கையா?” என்றார். வக்கீல் ஏதோ காதில் சொல்லப் போனார், உங்கள் அண்ணன் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். பிறகு சொன்னார்: “என் தங்கைதான். மாசியிலே, வெள்ளிக்கிழமைதான். கூடையை அவ வாங்கறதை நான் பார்த்திருக்கேன். மனுவை வாபஸ் வாங்கிக்கறேன்.”

வெளியே வந்ததும் அம்மாவிடம், “எங்கம்மா பேரை நீங்க சொல்லிக் கேட்டப்போ எனக்கு என்னமோ பண்ணிடுத்து” என்றார். அம்மா அழுதுவிட்டாள். நான் பார்க்காத மாதிரி டீக்கடைப் பக்கம் போய்விட்டேன்.

உத்தரவு பிறகு வருமாம். தாசில்தார் முகத்தைப் பார்த்தால் நல்லதாகத்தான் வரும் என்று தோன்றுகிறது.

தானியேல்


திருவள்ளூர்,
3-5-1972

அன்புள்ள தானியேல்,

உங்கள் கடிதத்தை அண்ணாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “அந்த அம்மா சொன்னது ஒண்ணு விட்டுப்போச்சு. பங்கஜம் பாட்டிக்குக் காது கேக்காட்டாலும் உதட்டைப் பார்த்தே எல்லாம் தெரிஞ்சுடும்” என்றான். ஒரு மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச்சு இப்படி ஆரம்பித்தது.

கடையில் மீதியிருந்த அறுபது பிரதிகளையும் திரும்ப வாங்கிவிட்டேன். முப்பத்தோராம் பக்கத்தை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினேழாவது கேள்வி இருக்கும். தேசப்பன் எட்டு நாள் உட்கார்ந்தது இருக்கும். ஒன்பது மெம்பர்களும் பெட்டியும் இருக்கும். “தாத்தா சின்னவராப் போயிடுவாரே” என்றான் அண்ணா. மனிதராகிவிடுவார், அவ்வளவுதான் என்றேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை, சண்டையும் போடவில்லை.

முத்தம்மா அவர்களிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். செங்கமலவல்லி பிறந்த ஊர் எது? எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அம்புஜவல்லி


ஓடைமேடு,
16-7-1972

அன்புள்ள டீச்சர் அம்மாவுக்கு,

உத்தரவு வந்துவிட்டது. பதினான்கு ஏக்கரையும் நில எடுப்பிலிருந்து விட்டுவிட்டார்கள். நாற்பத்தொரு வீடும் இருக்கும். தொழிற்சாலைக் கம்பிவேலி ஓடைக்கு அந்தப் பக்கம் நிற்கும். புதுப் பட்டாவைப் போன வெள்ளிக்கிழமை கையில் கொடுத்தார்கள். பழையதையும் முத்திரை போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அம்மா என்னைப் படிக்கச் சொல்லி, தேசப்பன் பெயர் வந்ததும் மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னாள். செங்கமலவல்லியம்மாவுக்குப் பிறந்த ஊர் சோழவரம் பக்கம் என்று அவள் மாமியார் சொன்னதாக ஞாபகம்.

இனி ஒரு தலைவலி. நேற்று ஊர்க்கூட்டம். பட்டாவை எங்கே வைப்பது என்று பேச்சு. எங்கள் வீடெல்லாம் கீற்றுக்கூரை, மழையில் நனையும், கரையான் வேறு. அப்போது முனுசாமி எழுந்து, “டீச்சரம்மா ஊட்டுல குட்த்து வைக்கலாம். அவங்களாண்ட இருந்தா பத்திரமா இருக்கும்” என்றார். எல்லோரும் தலையை ஆட்டுகிறார்கள். கூடை கொண்டுபோவது யார் முறை என்று கூடப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் சொன்னால் கேட்க மாட்டார்கள், என்னைத்தான் சின்னப் பையனாகப் பார்த்தவர்கள் ஆயிற்றே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் பட்டாவோடு உங்கள் வீட்டுக்கு வருவதாக முடிவு.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தானியேல்


திருவள்ளூர்,
18-7-1972

ஓடைமேட்டுப் பெரியவர்கள் அனைவருக்கும்,

தானியேல் இதைக் கூட்டத்தில் உரக்கப் படிக்கவும்.

என்னை நம்பினீர்கள் என்று கேட்டு எனக்கு அழுகை வந்தது. எங்கள் தாத்தாவையும் இப்படித்தான் நம்பினீர்கள். அவரும் கெட்டவர் இல்லை. அதனால்தான் சொல்கிறேன்: பட்டாவை என்னிடம் கொண்டு வராதீர்கள். என்னிடம் மட்டுமில்லை, எவ்வளவு நல்லவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கொண்டு வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

மூடி போட்ட தகரப்பெட்டி ஒன்றைத் தானியேல் கம்பெனியிலேயே செய்யலாம். அதை முத்தம்மா வீட்டில் வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம். அண்ணாவும் நானும் காலை ரயிலில் கவரைப்பேட்டைக்கு வருகிறோம். பட்டாவை உங்கள் ஊரில், உங்கள் பெட்டியில் பார்த்துவிட்டு, மத்தியானம் முத்தம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறோம்.

கனகவல்லி மகள்,
அம்புஜவல்லி